மூத்தாளின் மூச்சுத் துளை

அந்த முக்காலியில் மட்டும் உட்கார வேண்டாம், தம்பி. ஒரு கால் குட்டை. பழக்கமில்லாதவர்களைக் குப்புறத் தள்ளிவிடும். என் சகலை ஒருவர்தான் அதில் விழாமல் உட்காரத் தெரிந்தவர். நீங்கள் இந்த நாற்காலிக்கு வாருங்கள், துடைத்து வைத்திருக்கிறேன். கிரீஸ் ஒட்டாது. ஒட்டினாலும் உங்கள் அலுவலகத்தில் உழைத்துவிட்டு வந்ததாக நினைத்துக்கொள்வார்கள், நல்லதுதானே.

சகலை உள் அறையில் தூங்குகிறார். மாத்திரை போட்டால் மதியத்தில் ஒரு தூக்கம் வரும். நாம் மெதுவாகவே பேசுவோம்.

நேற்று நீங்கள் அவரிடம் விசாரித்ததை என் கொழுந்தியாள் சொன்னாள். "தப்பு என் மேலதான் சார். டேங்க்ல பெட்ரோல் ஊத்தினேனா இல்லையான்னு ஞாபகமே இல்ல. ஊத்தியிருக்க மாட்டேன், அதான் மெஷின் நின்னுபோச்சு" என்று அவர் சொன்னாராம். நீங்களும் தலையை ஆட்டிவிட்டு, தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடிக்கப்போவதாகச் சொன்னீர்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. அவர் வாயாடி, ஒத்துக்கொள்கிறேன். சீட்டாட்டத்தில் கள்ளன். பாட ஆரம்பித்தால் தெருநாய்கள் இடம் மாறிப் படுக்கும். ஆனால் மரத்தடியில் அவரைப்போல் கவனமான மனிதரை நான் பார்த்ததில்லை. அவர் பேருக்கு இப்படி ஒரு கறை வருவதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் உங்களைக் கூப்பிட்டு அனுப்பினேன். காப்பீட்டு அலுவலகத்துக்காரருக்கு உண்மை தெரிய வேண்டும் அல்லவா.

சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். உறவுகளிலேயே கலப்படம் இல்லாத உறவு அது. ஒரே மாமனாரிடம் மாட்டிக்கொண்ட இரண்டு பேர். அந்தப் பெரியவர் என்னைப் பற்றி அவரிடமும் அவரைப் பற்றி என்னிடமும் புலம்புவார். நாங்கள் இருவரும் இங்கே உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்துச் சிரிப்போம். மரம் அறுப்பது அவர் தொழில், ரம்பத்தைப் பழுது பார்ப்பது என் தொழில். மாமனார் பார்த்துப் பொருத்தம் போட்டது பெண்களுக்கு மட்டுமில்லை என்று நான் கேலி செய்வதுண்டு.

இதோ மேசைமேல் இருக்கிறதே, மஞ்சள் வண்ணம் போய் அலுமினியம் தெரிகிற இந்தச் சங்கிலி ரம்பம், இதுதான் அவருடையது. உங்களுக்கும் எனக்கும் முந்திய தலைமுறை. இந்தக் காலத்து ரம்பங்களில், ரம்பம் எகிறி முன்னால் உள்ள தடுப்பில் கை இடித்தால் பல் சங்கிலி நின்றுவிடும். இதில் அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. தூக்கினால் இடுப்பு கழன்றுவிடும். அவருக்கு இதைத் தவிர வேறு ஆகாது. கல்யாணத்துக்கு முன்பே இது அவரிடம் இருந்ததால் என் கொழுந்தியாள் இதற்கு மூத்தாள் என்று பேர் வைத்தாள். "மூத்தாள் வீட்டுக்குப் போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போறார் மாமா, நான் இளையாளாவே இருந்துட்டுப் போறேன்" என்று சிரிப்பாள்.

மூத்தாளுக்கு அடிக்கடி உடம்புக்கு வரும். அப்போதெல்லாம் சகலை இதைத் தோளில் சுமந்துகொண்டு வாசலில் வந்து நிற்பார்.

"டாக்டரே, நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தா. இன்னைக்குக் காலையில இருந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கா. என்னன்னு நீங்களே கேளுங்க."

நான் கேட்பேன். அவர் முக்காலியில் உட்காருவார். தேநீர் வரும். மாமனார் கதை, அடுத்த தெருப் பல் டாக்டர் கதை, முதல் மரத்தை எவன் வீட்டுக் கூரைமேல் தள்ளினார் என்கிற கதை, எல்லாம் வரும். நூறு தடவை கேட்ட கதைதான், ஒவ்வொரு தடவையும் கூரை கொஞ்சம் பெரிதாகும். பொழுது சாய்ந்த பிறகு மூத்தாளைத் தூக்கிக்கொண்டு போவார்.

கார்புரேட்டர் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், தூங்கிவிடாதீர்கள். தீப்பெட்டி அளவு சாமான்தான். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற இடம். பக்கத்தில் இரண்டு ஸ்க்ரூ: ஒன்று மெதுவாக ஓடும்போது பார்க்க, மற்றது வேகமாக ஓடும்போது பார்க்க. காதை வைத்துத்தான் திருப்ப வேண்டும். முழு வேகத்தில், மரத்தைத் தொடாமல் ஓடும்போது ஒரு கரகரப்பு இருக்க வேண்டும், சளி கட்டிய தொண்டை மாதிரி. மரத்தில் இறங்கியதும் அந்தக் கரகரப்பு விலகிக் குரல் தெளியும். அதுதான் ஆரோக்கியம். ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் உள்ளே திருப்பினால் வெறும் காற்றிலேயே கணீரென்று கத்தும். வாடிக்கையாளர்களுக்கு அதுதான் பிடிக்கும். ஆகா, என்ன சத்தம் என்பார்கள். பசியில் கத்துகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. சில நாளில் பிஸ்டன் காய்ந்து இறுகிவிடும்.

உள்ளே ஒரு மெல்லிய சவ்வு உண்டு, டயாஃப்ரம் என்போம். எஞ்சின் மூச்சு விடும்போது அதுவும் சேர்ந்து துடிக்கும். பழசானால் விறைத்துவிடும். விறைத்ததை எல்லாரும் குப்பையில் போடுவார்கள். நான் போடுவதில்லை. அலமாரியில் அந்தப் பிஸ்கட் டப்பா தெரிகிறதா, அதில் இருக்கிறது எல்லாம். அரை உயிர் டப்பா என்று பேர். பாதி விறைத்தவை, முக்கால் விறைத்தவை என்று பிரித்து வைத்திருக்கிறேன். முக்கால் விறைத்ததைப் போட்டால் மூன்று நாள் ஓடும். பாதி விறைத்தது ஒரு வாரம் தாங்கும்.

எதற்கு என்று கேட்கிறீர்களா? சகலை வருவதற்குத்தான்.

பேனாவை வைத்துவிட்டீர்களே. எழுதுங்கள். பணத்துக்காக என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அவரிடம் நான் ஒரு பைசா வாங்கியதில்லை. வந்த கோளாறைச் சரியாக்கிவிடுவேன். கூடவே வேறு எதையாவது கொஞ்சம் கெடுத்து அனுப்புவேன். ஒரு தடவை சவ்வு, ஒரு தடவை ஸ்க்ரூ, ஒரு தடவை பெட்ரோல் வடிகட்டியில் ஒரு துளிப் பஞ்சு. ஒரே வியாதி திரும்பத் திரும்ப வந்தால் டாக்டர்மேல் நம்பிக்கை போய்விடும். சரி செய்ய ஒரு கை போதும், தம்பி. சொன்ன நாளில் கெடுகிற மாதிரிச் செய்ய இரண்டு கையும் காதும் வேண்டும்.

இது என் மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும். சாப்பாடு கொண்டுவந்தவள் நான் டப்பாவைத் திறந்து தேர்ந்தெடுப்பதைப் பார்த்துவிட்டாள். கொண்டுவந்த பாத்திரத்தை மேசைமேல் வைத்தாள். பிறகு கேட்டாள்.

"எதுக்கு அந்த மனுஷரை இப்படி அலைய விடுறீங்க? வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா வர மாட்டாரா?"

"கூப்பிட்டு வர்றவர் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பார். மெஷினோட வந்தா வேலை முடியற வரைக்கும் இருப்பார்ல" என்றேன்.

"கூப்பிடத் தெரியலன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு எதையும் சுற்றி வளைக்காமல் பேசித்தான் பழக்கம்.

அவள் போய்ச் சேர்ந்தது ஒரு வியாழக்கிழமை. அதற்குப் பிறகு மற்ற நாட்களை எப்படியோ தள்ளிவிடுவேன். வியாழக்கிழமை வந்தால் இந்தச் சுவர்கள் எல்லாம் என்மேல் சாய்கிற மாதிரி இருக்கும். தனியாக உட்கார்ந்தால் அழுகை வரும், அதை ஒளிப்பானேன். அதனால் மூத்தாளை வியாழக்கிழமைக்கு என்று ட்யூன் செய்ய ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை நல்லபடியாகப் போவாள், புதன்கிழமை இருமுவாள், வியாழக்கிழமை காலையில் வாசலில் இருப்பாள். ஒன்றிரண்டு தடவைதான் தப்பியது.

"என்ன டாக்டரே, இவளுக்கு வியாழக்கிழமைன்னா ஆகாதா?" என்று சகலை ஒருநாள் கேட்டார்.

"எனக்கும்தான் ஆகாது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அன்று இருட்டுகிறவரை இருந்துவிட்டுப் போனார். நல்ல மனசு அவருக்கு.

இதில் யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கள். அவருக்கும் ஓய்வு கிடைத்தது. என் கொழுந்தியாளே ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டாள்: "மாமா, இந்தச் சனியனை ஒரேயடியாக் கெடுத்து விடுங்க. இந்த வயசுல மரம் மரமா அலையறார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." நான் அந்த அளவுக்குப் போகவில்லை. வாரத்துக்கு ஒருநாளோடு நிறுத்திக்கொண்டேன்.

இப்படியே போயிருக்கும். மகள் கூப்பிட்டுவிட்டாள். அவர்களுடைய மகள் வேறு ஊரில் இருக்கிறாள், ரயிலில் ஒரு ராத்திரிப் பயணம். பிள்ளை பிறக்கப்போகிறது, இருவரும் இங்கேயே வந்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். சகலை அந்த வியாழக்கிழமை வந்து, முக்காலியில் உட்கார்ந்து, தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் இருந்தார்.

"ஒரே ஒரு மரம் பாக்கி, சகலை. பள்ளிக்கூடத்துச் சுவர் ஓரத்துல சாய்ஞ்சு நிக்குதே, அது. அதை இறக்கிட்டா என் கணக்கு முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை ரயிலு. மூத்தாளை உங்ககிட்டயே விட்டுட்டுப் போறேன். உங்களை விட்டா அவளை யாரு பாத்துக்குவா?"

"அப்போ நீங்க?" என்றேன்.

"நான் அப்பப்போ வருவேன்ல."

அப்பப்போ என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு ஒருமுறை, சாவுக்கு ஒருமுறை. சந்தோஷம் என்று சொன்னேன். உண்மையிலேயே பேத்தியோ பேரனோ பிறப்பது சந்தோஷம்தானே. மறுநாள் வாங்கிக்கொள்வதாக மூத்தாளை இங்கேயே வைத்துவிட்டு அவர் போன பிறகு நான் அந்த மரத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த மரம் இறங்காவிட்டால் கணக்கு முடியாது. கணக்கு முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ரயில் போய்விடும். ஒரு வாரம் கிடைக்கும். ஒரு வாரத்தில் மனசு மாறக்கூடும். பிள்ளை பிறக்க இன்னும் நாள் இருந்தது.

இனி இந்த மூடியைப் பாருங்கள். பெட்ரோல் டேங்க் மூடி. நடுவில் ஊசிமுனை அளவு ஒரு துளை உண்டு. பெட்ரோல் வெளியே போகப் போகக் காற்று உள்ளே வர வேண்டும், அதற்காக. வராவிட்டால் டேங்க் தன்னைத்தானே உறிஞ்சிக்கொள்ளும், பெட்ரோல் இருந்தும் கார்புரேட்டருக்கு ஏறாது. எஞ்சின் முதலில் இரண்டு தடவை விக்கும், பிறகு அடங்கிவிடும். மூடியைத் திறந்தால் புஸ் என்று ஒரு பெருமூச்சு, மறுபடி ஒழுங்காக ஓடும். ஒரு தடயமும் இருக்காது. முகர்ந்து பாருங்கள். ரோஜா வாசனை வருகிறதா? குளியல் சோப்பு. பெட்ரோல் எதைக் கரைத்தாலும் சோப்பைக் கரைக்காது. ஒழுகுகிற டேங்கை அவசரத்துக்கு அடைக்க எல்லா மெக்கானிக்கும் சோப்புதான் வைப்பான். நான் ஒரு துளைக்கு வைத்தேன், அவ்வளவுதான். துளையும் ஒழுகல் மாதிரிதானே.

சரி, அது ஏன் சரியாக அந்த நேரத்தில் நின்றது என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்க மாட்டீர்கள், நானே சொல்கிறேன். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் மேலே காற்று நிறைய இருக்கும், ரொம்ப நேரம் தாங்கும். டேங்க் தளும்ப இருந்தால் காற்றுக்கு இடமே இல்லை, சீக்கிரம் மூச்சு முட்டும். சகலைக்கு ஒரு வழக்கம் உண்டு. மரம் விழ வேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு மாதிரி ஒரு துண்டை வெட்டி எடுப்பார். அது முன் வெட்டு. பிறகு ரம்பத்தைக் கீழே வைத்து, டேங்கைத் தளும்பத் தளும்ப நிரப்பிவிட்டுத்தான் எதிர்ப்பக்கத்துப் பின் வெட்டுக்குப் போவார். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் இதைத் தவறவிட மாட்டார். இப்போது புரிகிறதா? அவர் பெட்ரோல் ஊற்றினார், தம்பி. ஊற்றியதால்தான் நின்றது. ரம்பம் என்னிடம் வந்தபோது நானே மூடியைத் திறந்து பார்த்தேன், டேங்க் கிட்டத்தட்ட நிறைந்திருந்தது. கவனக்குறைவு என்று எழுதினால் அது சுத்தப் பொய்.

பின் வெட்டு நடுவில் நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். அதைச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். இதோ இந்த மேசைமேல் ஒரு பென்சிலைச் சாய்த்து வைத்துக்கொண்டு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். "நேரா நிக்கிற மரம் நம்ம பேச்சைக் கேக்கும், டாக்டரே. சாய்ஞ்சு நிக்கிற மரம் அப்படியில்ல. பின் வெட்டை ஆரம்பிச்சா ஒரே மூச்சுல முடிச்சிரணும். நடுவுல நின்னா அடிமரம் நெட்டுக்குப் பிளந்துக்கிட்டு, பின்னால நிக்கிறவனைத் தூக்கி அடிக்கும். குதிரை உதைக்கிற மாதிரி." இதை அவர் கால் உதைத்து நடித்துக் காட்டுவார். அந்த முக்காலியிலிருந்து விழாமல் அதை அவரால் மட்டும்தான் செய்ய முடியும்.

ஆனால் தெரிவது வேறு, நினைப்பது வேறு. சோப்பு வைத்தபோது நான் அதை நினைக்கவில்லை. ரம்பம் மரத்தில் சிக்கும், அவர் திட்டிக்கொண்டே நடந்து வருவார் என்றுதான் நினைத்தேன். அவர் மரம் அறுக்கப் போன அன்று காலையிலேயே இரண்டு கிளாஸ்களைக் கழுவி வைத்துவிட்டேன். பாலும் கூடுதலாக வாங்கியிருந்தேன். பள்ளிக்கூடம் இந்தத் தெருக்கோடியில்தான், மூத்தாள் குரல் இங்கே நன்றாகக் கேட்கும். முன் வெட்டு கேட்டது. நின்றது. ஊற்றுகிறார் என்று தெரிந்துகொண்டு அடுப்பைப் பற்றவைத்தேன். மறுபடி குரல் வந்தது. மரத்தில் இறங்கியதும் கரகரப்பு விலகித் தெளிந்தது. அப்படி ஒரு ட்யூனிங்கை நான் அதற்கு முன் செய்ததில்லை, அதை நானே சொல்லக் கூடாது. பிறகு இரண்டு தடவை விக்கியது.

விக்கியதும் நான் வாசலுக்குப் போய் நின்றேன். வந்தது அவர் இல்லை. அவரோடு வேலை செய்கிற கயிற்றுக்காரர் செருப்பில்லாமல் ஓடிவந்தார். "சகலை, சகலை" என்று மட்டும் சொன்னார். அவருக்கு நான் என்ன சகலை? பதற்றத்தில் உறவு மாறிவிட்டது, பாவம்.

மரம் உதைத்ததில் முறிந்தது இடுப்பெலும்பும் தொடையும். தலையில் லேசாகத்தான். ஆஸ்பத்திரியில் நான்தான் கூடவே இருந்தேன், பகலும் இரவும். என் கொழுந்தியாள் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, நீங்க இல்லைன்னா எங்க கதி என்ன?" என்று அழுதாள். நானும் அழுதேன். நடிப்பு என்று நினைக்காதீர்கள், அவர் வலியில் முனகியபோது என் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. ரயிலுக்காக அவர்கள் வாடகை வீட்டை ஏற்கெனவே காலி செய்திருந்தார்கள். மகள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. என் வீடு தரையோடு தரை, கடையும் கூடவே இருக்கிறது. எங்கே தங்குவது என்று யாரும் யோசிக்கவே தேவையில்லாமல் போயிற்று. அவருக்குக் கை வைத்த நாற்காலி செய்தேன். சக்கரமும் நானே பொருத்தினேன். காலையில் தள்ளிக்கொண்டு வந்து இங்கே நிறுத்துவேன். நான் ஸ்க்ரூ திருப்புவேன், அவர் கதை சொல்வார். அந்தக் கூரை இப்போது ஒரு மாளிகையாகிவிட்டது. நேற்றுக்கூட, "அடிபட்டதுல ஒரு நல்லது சகலை, உங்க தேத்தண்ணி நிரந்தரமாச்சு" என்றார். பாருங்கள், அவர் வாயாலேயே சொன்னது. எல்லா நாளும் இப்போது ஒரே மாதிரிதான் இருக்கிறது, வியாழக்கிழமை எது என்றுகூடச் சில சமயம் மறந்துவிடுகிறேன்.

அதோ, விழித்துவிட்டார்.

"டாக்டரே, யாரு வந்திருக்கா?"

"கம்பெனி ஆளு, சகலை. நேத்து வந்த தம்பிதான். நீங்க படுங்க."

"அவருக்குத் தேத்தண்ணி குடுத்தீங்களா? சக்கரையை அள்ளிப் போட்டுறாதீங்க, உங்க கை உங்களுக்கே தெரியாது."

கேட்டீர்களா. படுத்த இடத்திலிருந்தும் கேலி. இந்த மனிதரைப்போய்க் கவனக்குறைவு என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வரும்? நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவருக்கு வர வேண்டியது முழுசாக வந்துவிட வேண்டும். சோப்பு விஷயத்தை மட்டும் அவரிடம் சொல்ல வேண்டாம். என்மேல் கோபப்பட மாட்டார், ஆனால் மூத்தாளைப் பற்றி மனசுக்குள் வருத்தப்படுவார்.

கிளம்புகிறீர்களா? கதவைப் பார்த்துத் திறங்கள், கீல் இறுக்கம். என்ன பார்க்கிறீர்கள்? வைஸ் இடுக்கியில் மாட்டியிருக்கிறதே, அதுவா? அவருடைய ஊன்றுகோல். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி நடக்கப் பழகலாம் என்று டாக்டர், நிஜ டாக்டர், சொல்லிவிட்டார். மகளும் தரைத்தளத்தில் வீடு பார்த்துவிட்டாளாம். ரயில் டிக்கெட்டைப் பற்றிப் பேச்சு வருகிறது. கோலின் அடி ரப்பர் கொஞ்சம் வழுக்குகிறது, உயரம் மாற்றுகிற ஸ்க்ரூவும் ஆடுகிறது என்று என்னிடம்தான் கொடுத்தார். "உங்க கை பட்டா சரியாயிடும், சகலை" என்றார்.

வேலை முடிந்துவிட்டது. வேண்டுமானால் நீங்களே ஊன்றிப் பாருங்கள், பயப்படாதீர்கள், எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்று. வியாழக்கிழமை வரை தாங்கும்.